முதன்முதலாகச் சவப்பெட்டி செய்யப் போகும் தச்சருக்கு: அளவு, செலவு, காகிதம்

நான் கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறவன். வேலூர் கொணவட்டத்தில் சின்னப் பட்டறை. சவப்பெட்டி செய்துதரச் சொல்லி முதல் ஆர்டர் வந்தபோது, நீளமாக ஒரு பெட்டி, அவ்வளவுதானே என்று ஒத்துக்கொண்டேன். அந்தப் பெட்டி கல்லறைக் குழிக்குள் இறங்காமல் பாதியில் நின்றது. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, யாரிடமோ வாங்கிய ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு முழங்காலிட்டுக் கைப்பிடிகளைக் கழற்றினேன். போதகர் என் நிலையைப் பார்த்து இன்னொரு கீர்த்தனையை ஆரம்பித்துவைத்தார். அது முடிந்து, அடுத்ததும் முடிந்த பிறகுதான் பெட்டி இறங்கியது.

அதற்கப்புறம் பதினேழு பெட்டிகள் செய்துவிட்டேன். மர வேலை தெரிந்த ஆனால் இந்த வேலை தெரியாத ஒருவர், நான் பட்டதைப் படாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இழைப்புளி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இது உதவாது.

நம் ஊரில் இந்த ஆர்டர் இரண்டு வகையில் வரும். ஒன்று, உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். மற்றொன்று, சிகிச்சைக்காக வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களில் இருந்து வந்து இங்கேயே இறந்துபோனவர்களின் உறவினர்கள். பாடை கட்டுகிறவர்களும், பள்ளிவாசலில் இருக்கும் சந்தூக்கில் (உடலைத் தூக்கிச்செல்லும் பொதுப் பெட்டி) எடுத்துப்போகிறவர்களும் நம்மிடம் வரப்போவதில்லை. ரெடிமேட் பெட்டிக் கடைகள் இருக்கும்போது ஒருவர் உங்களைத் தேடி வருகிறார் என்றால், அவருக்குக் கடையில் கிடைக்காத ஏதோ ஒன்று வேண்டும். குறிப்பிட்ட மரமாக இருக்கலாம், உடம்புக்கேற்ற அளவாக இருக்கலாம், அப்பா செய்த அலமாரியின் பலகையாகக்கூட இருக்கலாம். அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடை விலையோடு போட்டி போடாதீர்கள், முடியாது.

1. ஒரே ஒருவரிடம் பேசுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள்

துக்க வீட்டில் இருந்து ஐந்து பேர் போன் செய்வார்கள். மூத்த மகன் தேக்கு என்பார், மாப்பிள்ளை எதற்கு வீண் செலவு என்பார், சித்தப்பா கண்ணாடி வைக்கச் சொல்வார். “உங்களில் யார் சொல்வதை நான் கேட்க வேண்டும் ஐயா?” என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மாப்பிள்ளைதான் அந்த ஆளாக இருப்பார். கையில் நோட்டோடு அலைகிறவர் அவர்தான்.

ஒரு தாளில் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: உள் அளவு, வெளி அளவு, மரத்தின் பெயர், பலகைத் தடிமன், கைப்பிடி எத்தனை, துணி நிறம், சிலுவை வேண்டுமா, மூடியில் எழுத்து வேண்டுமா, விலை, முன்பணம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது. அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் கையெழுத்து கேட்பது முதலில் சங்கடமாக இருந்தது. ஒரு முறை ‘நாங்கள் தேக்குதானே கேட்டோம்’ என்று அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு வீட்டில் சொன்ன பிறகு அந்தச் சங்கடம் போய்விட்டது.

முன்பணம் பாதி வாங்குங்கள். மீதியை ஒப்படைக்கும்போதே வாங்கிவிடுங்கள். அடக்கம் முடிந்த பிறகு போய்க் கேட்பது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம்.

சிலுவை விஷயத்தில் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் இயேசுவின் உருவம் உள்ள பாடுபட்ட சிலுவையை விரும்புவார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையினர் வெறும் சிலுவை கேட்பார்கள். சில பெந்தெகொஸ்தே சபைகளில் சிலுவையே வேண்டாம் என்பார்கள். வசனம் பொறிப்பதாக இருந்தால் அந்த வசனத்தை அவர்கள் வீட்டு வேதாகமத்தில் இருந்தே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கத்தோலிக்கர்களின் மொழிபெயர்ப்பும் சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்பும் வேறு வேறு. எண் ஒன்றாகவே இருந்தாலும் வாசகம் வேறு.

2. மரத்தைத் தொடும் முன் குழியை அளங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். புதுக் குழி என்றால் பிரச்சினை இல்லை, பெட்டியின் வெளி அளவைச் சொன்னால் அதற்கேற்ப வெட்டுவார்கள். பழைய குடும்பக் கல்லறை என்றால் உள்ளே செங்கல் கட்டியிருக்கும். அந்த அகலத்தை யாராலும் மாற்ற முடியாது. தாத்தா காலத்தில் கட்டியது, அப்போதைய பெட்டிகளுக்கு ஏற்றது.

என் கணக்கு எங்கே தவறியது என்று பாருங்கள். தோள் இடத்தில் உள் அகலம் 22 அங்குலம். பலகை முக்கால் அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை, ஆக வெளி அகலம் 23½. இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். ஆனால் பித்தளைக் கைப்பிடி ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் 27½. குழி 27. அரை அங்குலத்துக்காக இரண்டு கீர்த்தனை.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், குடும்பக் குழியா, கட்டிய குழியா என்று கேளுங்கள். கட்டியதாக இருந்தால் மேல் கல்லை எடுத்ததும் அளந்து சொல்லச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய் அளங்கள். மேலே ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, இரண்டும் எடுங்கள். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் குழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியே வீட்டு வாசலையும் பார்த்துவிடுங்கள். கொசப்பேட்டை, சலவன்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் நடை குறுகலாக இருக்கும், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆறடிப் பெட்டி திரும்பாது. திரும்பாது என்றால் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெட்டியை வாசலில் வைத்து, உடலைக் கீழே கொண்டுவந்து வைப்பார்கள். முன்பே தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள், அந்த நேரத்தில் தெரிந்தால் உங்களைத் திட்டுவார்கள்.

3. ஆளை அளப்பது

வீட்டார் ‘ஐந்தரை அடி இருப்பார்’ என்று சொல்வதை நம்பாதீர்கள். படுத்த நிலையில் உச்சந்தலையில் இருந்து பாதம் வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். கூடவே கைகளை மார்பில் வைத்த நிலையில் ஒரு முழங்கையில் இருந்து மறு முழங்கை வரை அகலம் வேண்டும். தோளை மட்டும் அளந்து தருவார்கள், ஆனால் முழங்கைதான் அகலமான இடம். மூன்றாவது அளவு, படுத்திருக்கும்போது வயிற்றின் உயரம், நிமிர்ந்திருக்கும் கால்விரல் உயரம், இரண்டில் எது அதிகமோ அது.

நீளத்தில் 3 அங்குலம், அகலத்தில் 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆழத்துக்கு, உயரத்தோடு மெத்தைக்கு 2 அங்குலமும் மூடிக்குக் கீழே ஓர் அங்குலமும் சேருங்கள். ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள நடுத்தர உடம்புக்கு நான் போடும் உள் அளவு: நீளம் 5 அடி 10 அங்குலம், தலைமாட்டில் 14 அங்குலம், தோளில் 22, கால்மாட்டில் 12, ஆழம் 14.

ஷூ போட்டு அடக்கம் செய்வார்களா என்று கேளுங்கள். நீளத்தில் ஓர் அங்குலம் போய்விடும்.

4. மரம்

நேற்று இறந்தவருக்கு இன்று பெட்டி என்றால், மரவாடியில் காய்ந்த நிலையில் எது கிடைக்கிறதோ அதுதான் மரம். நான் அதிகம் எடுப்பது சில்வர் ஓக், இல்லையென்றால் வேம்பு. தேக்கு கேட்பவர்களுக்குத் தேக்கு. மா மரம் விலை குறைவு, இழைக்கவும் சுலபம், ஆனால் வண்டு துளைக்கும். உடனே மண்ணுக்குள் போகும் பெட்டிக்கு அதனால் ஒன்றுமில்லை. வீட்டில் வைத்திருக்கப் போகும் பெட்டிக்கு மா வேண்டவே வேண்டாம்.

இழைக்காத அங்குலப் பலகையாக 5 கன அடி வாங்கினால் மேலே சொன்ன பெட்டிக்குச் சேதாரம் உட்படப் போதும். இழைத்து முக்கால் அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் பெட்டியில் நிற்கும் மரம் கிட்டத்தட்ட 2¼ கன அடி. தேக்கு என்றால் அது ஏறத்தாழ 42 கிலோ. உள்ளே இருப்பவர் 65 கிலோ என்றால் மொத்தம் 107, ஆறு பேர் தூக்கினால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 18 கிலோ. ‘முழு அங்குலத்தில் கனமாகச் செய்யுங்கள், அப்பாவுக்குக் கடைசியாகச் செய்வது’ என்று சொல்லும் மகன்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவர்கள்தானே தூக்கப் போகிறார்கள்.

பலகை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஈரம் அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால், நாள் இருக்கிற ஆர்டரில், ஒரு துண்டை எடைபோட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடை குறைந்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை. வேலூர் சித்திரை வெயிலில் ஈர மரத்தில் செய்த மூடி ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும்.

பொறி ஒன்று: பில் இல்லாத மரம். ஜவ்வாது மலைச் சந்தனம் ஒரு துண்டு உள்ளே வைக்க வேண்டும் என்றோ, ஆந்திரப் பக்கத்துச் செம்மரத்தில் சிலுவை மட்டும் செய்யுங்கள் என்றோ கேட்பவர்கள் உண்டு. ‘மரம் நானே கொண்டுவருகிறேன்’ என்பார்கள். மறுத்துவிடுங்கள். பட்டறையில் அந்தத் துண்டு இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். தோட்டத்துத் தேக்கைக் கொண்டுவருவதாகச் சொன்னாலும், அதை வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டார்களா என்று கேட்டு, நகலை வாங்கி வையுங்கள்.

5. விலை சொல்வது

என் முதல் பெட்டிக்கு 13,000 ரூபாய் சொன்னேன். ஆன செலவு இது. வேம்பு 5 கன அடி, கன அடி 900 வீதம் 4,500. கைப்பிடி, கீல், போல்ட், ஸ்க்ரூ 1,900. சாட்டின் துணியும் பஞ்சும் 1,300. பசை, மணல்தாள், பாலிஷ் சாமான் 1,100. எனக்கு 1,200, உதவியாளுக்கு 800 என்று நாளைக்கு 2,000 வீதம் மூன்று நாள் கூலி 6,000. டாடா ஏஸ் வாடகை 700. கூட்டிப் பாருங்கள், 15,500. என் கூலியில் இருந்தே 2,500 போனது. பட்டறை வாடகையையும் கரண்டையும் இதில் சேர்க்கவே இல்லை.

மர விலை கடைக்குக் கடை மாறும், நான் வாங்கிய விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் நீங்கலாக மற்ற செலவே 11,000 என்பதைக் கவனியுங்கள். ‘மரம் நாங்கள் தருகிறோம், அதனால் பாதி விலைதானே’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில். இரவு வேலை என்றால் கூலி ஒன்றரை மடங்கு, அதையும் முன்பே சொல்லுங்கள்.

பேரம் பேசினால் துணியில், கைப்பிடியின் அலங்காரத்தில் குறையுங்கள். அடிப்பலகையின் தடிமனில் கை வைக்காதீர்கள்.

காகிதப் பக்கத்தில், சிறு பட்டறைக்கு மாநகராட்சித் தொழில் உரிமமும் உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் நல்லது. உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. என்னிடம் ஒருவர் அதற்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார், நீங்கள் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றி ஒரு குழப்பம் உண்டு. அடக்கச் சேவைக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நாம் விற்பது சேவையல்ல, பொருள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நம்மில் பலர் அந்தப் பக்கமே போகமாட்டோம். அப்படியானால் பில்லில் ஜி.எஸ்.டி. என்று எதையும் எழுதக் கூடாது.

6. செய்முறை

முதலில் அடிப்பலகை. 22 அங்குல அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்காது, மூன்றைச் சேர்க்க வேண்டும். ஓரங்களில் காடியும் நாக்கும் எடுத்துப் பசை போட்டு இறுக்குங்கள். வெறும் ஓரத்தில் பசை மட்டும் தடவிச் சேர்த்தால் எடை ஏறும்போது விரியும். சேர்த்த பலகையின் மேல் காகித மாதிரியை வைத்து ஆறு மூலை வடிவத்தை வரைந்து அறுங்கள்.

அடிப்பலகைக்குக் கீழே குறுக்கே மூன்று ரீப்பர் அடிக்க வேண்டும், ஓர் அங்குல உயரம். இது பெட்டிக்குப் பலம் தருகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெட்டியைக் கயிறு கொடுத்துத்தான் குழிக்குள் இறக்குவார்கள். அடி தட்டையாக இருந்தால் கயிறு அடியில் சிக்கிக்கொள்ளும், உருவ முடியாது. இதை எனக்குச் சொன்னது ஒரு தச்சர் அல்ல, குழி வெட்டும் பெரியவர்.

பக்கப் பலகையைத் தோள் இடத்தில் வளைப்பதுதான் புதியவர்களைப் பயமுறுத்தும் வேலை. இரண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கலாம், ஆனால் அந்த இணைப்பு வெளியே தெரியும், பலமும் குறைவு. வளைப்பதே மேல். தலைமாட்டில் இருந்து சுமார் 19 அங்குலத்தில் தோள் வரும். அந்த இடத்தில், பலகையின் உள்பக்கம், அரை அங்குல இடைவெளியில் ஐந்து வெட்டு கைரம்பத்தால் போடுங்கள். முக்கால் அங்குலப் பலகையில் அரை அங்குல ஆழம் வெட்டி, கால் அங்குலத்தை விட்டுவையுங்கள். எல்லா வெட்டும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆழமாகப் போனால் வளைவு முழுக்க அங்கேயே விழுந்து பலகை முறியும். ஆழம் தவறாமல் இருக்க ரம்பத்தின் மேல் ஒரு சிறு கட்டையைத் திருகிவிடுங்கள், அது பலகையில் முட்டியதும் நின்றுவிடும்.

அப்புறம் வெளிப்பக்கத்தில் கொதிக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். தலைமாட்டுப் பகுதியை அடிப்பலகையோடு ஸ்க்ரூ போட்டுவிட்டு, கால்மாட்டுப் பகுதியை மெதுவாக உள்ளே அழுத்திக்கொண்டு வாருங்கள். வெட்டுகள் மூடிக்கொண்டே வரும். அவசரப்பட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு பலகை போச்சு. வேம்பின் நார் முறுக்கி ஓடும், அதில் தண்ணீர் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக வேண்டும். தோள் இடத்தில் கணு வராதபடி பலகையைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை செய்கிறவர் வீணான பலகையில் இரண்டு முறை வளைத்துப் பழகிவிட்டு வரட்டும்.

வளைத்த பின் வெட்டுகளுக்குள் பசையும் மரத்தூளும் கலந்து அடைத்துவிடுங்கள். தலை, கால் பலகைகளைப் பொருத்தியதும் உள் மூலைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். நான் குங்கிலியமும் தேன்மெழுகும் உருக்கி ஊற்றுகிறேன், சிலிகான் அடைத்தாலும் சரிதான். உங்களுக்கு ஏன் என்று புரியும், விளக்க வேண்டியதில்லை. இழைப்புச் சுருளையும் மரத்தூளையும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒரு சாக்கில் எடுத்து வைத்து, பெட்டியின் அடியில் முதலில் பாலித்தீன் விரித்து, அதன் மேல் இதை ஓர் அங்குலம் பரப்பி, அதற்கு மேல் மெத்தை. ஈரத்தை உறிஞ்ச இதைவிட நல்ல பொருள் இல்லை, செலவும் இல்லை.

கைப்பிடி: கடையில் விற்கும் பளபளப்பான கைப்பிடிகள் சில வெறும் அலங்காரம்தான், பூச்சுக்கு உள்ளே பிளாஸ்டிக். தூக்கினால் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ வேண்டாம், பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உள்ளே அகல வாஷர் வையுங்கள். கட்டிய குழியாக இருந்தால் மடங்கும் கைப்பிடி, அல்லது பக்கங்களில் கயிற்றுக் கைப்பிடி.

பாலிஷ் போடும் முன் ஒரு சோதனை. மூன்று சிமெண்ட் மூட்டையை உள்ளே வைத்து, 150 கிலோ ஆச்சு, ஆறு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். எங்காவது ‘கிரீச்’ என்றால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ. என் தெருப் பையன்களுக்கு இப்போது இது பழகிவிட்டது, டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

7. மூடி, பாலிஷ், துணி

மூடியைப் பெட்டியைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக எடுங்கள். ஸ்க்ரூ துளைகளைப் பட்டறையிலேயே போட்டு, ஒரு முறை முடுக்கிக் கழற்றி, ஸ்க்ரூக்களுக்குச் சோப்பு தடவித் தயாராக வையுங்கள். மூடி போடும் நேரம்தான் வீட்டார் கதறும் நேரம். அங்கே டிரில் மெஷினை ஓட்டாதீர்கள். கையால் எட்டு ஸ்க்ரூ, இரண்டு நிமிடம்.

நாள் இருந்தால் அரக்கு பாலிஷ், மூன்று பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வெளுத்துப்போகும், அப்போது எண்ணெய் மட்டும் தேய்த்து விடலாம். ஒரே நாளில் தர வேண்டிய பெட்டிக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், மறுநாள் ஆராதனையில் வாடை மூக்கைத் துளைக்கும், தூக்குகிறவர்களின் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டும்.

துணி 7 மீட்டர் வாங்கினால் போதும். பெயரும் தேதியும் எழுதுவதாக இருந்தால் எழுதித் தரச் சொல்லி, எழுதியதைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘ஞானம்மாள்’ என்பதில் ஒரு கால் விட்டுப்போனதால் ஒரு முறை மூடியை மறுபடி இழைத்திருக்கிறேன்.

8. வெளியூர் போகும் பெட்டி

வடக்கே விமானத்தில் போகிற உடல் பெரும்பாலும் சென்னை விமான நிலையத்துக்குத்தான் முதலில் போகும். வேலூரில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர், சாலையில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே சரக்குப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். ஆக, காலை விமானம் என்றால் உங்கள் பெட்டி முந்தின நாள் மாலையே தயாராக இருக்க வேண்டும்.

பெட்டி செய்யும் முன் வீட்டாரை அந்த விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவுக்குப் போன் செய்ய வையுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: அதிகபட்ச நீளம், அகலம், உயரம் என்ன (சின்ன விமானத்தில் சரக்குக் கதவு சின்னது, வடகிழக்கில் கடைசிப் பயணம் அப்படிப்பட்ட விமானத்தில் இருக்கலாம்). உள்ளே தகடு அடிக்க வேண்டுமா. எடைக்குக் கட்டணமா. எடைக்கு என்றால் தேக்கை மறந்துவிட்டு லேசான மரத்துக்குப் போங்கள். கண்ணாடி வேண்டாம், நீட்டிய கைப்பிடி வேண்டாம்.

காகிதங்களை வீட்டார்தான் வாங்க வேண்டும், ஆனால் மொழி தெரியாத ஊரில் உங்களிடம்தான் கேட்பார்கள், அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை தரும் இறப்புக்கான மருத்துவச் சான்று, உடல் பதப்படுத்தியதற்கான சான்று, காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று, பெட்டி கசியாமல் மூடப்பட்டதற்கான சான்று, இறந்தவர், கூடப் போகிறவர் இருவரின் அடையாள அட்டை. விபத்து, தற்கொலை போன்ற வழக்கு என்றால் பிரேதப் பரிசோதனைக் காகிதமும் வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு நகல். பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் மருத்துவமனைச் சீட்டில் ஒரு மாதிரியும் இருந்து, பெட்டியோடு ஒரு குடும்பம் இரவு முழுக்கக் காத்திருந்ததை எனக்குத் தெரியும்.

இறப்பைப் பதிவு செய்வது இறந்த ஊரில்தான், சொந்த ஊரில் அல்ல. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்கான பொறி: மூடியதற்கான சான்றில் நீங்களே கையெழுத்துப் போடும்படி கேட்பார்கள். அது உடலைப் பதப்படுத்தி வைத்து மூடுகிறவரின் பொறுப்பு. நீங்கள் தர வேண்டியது உங்கள் பில், அதில் மரம், அளவு, வெற்றுப் பெட்டியின் எடை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்பாடியில் இருந்து ரயிலில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்னரே பார்சல் அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும்.

9. எவ்வளவு நாள் ஆகும்

காய்ந்த பலகை கையில் இருந்து, இரண்டு பேர் வேலை செய்தால் நிதானமாக மூன்று நாள், பாலிஷுக்கு இன்னும் இரண்டு நாள். ஆனால் இறப்பு ஐந்து நாள் காத்திருக்காது. ஃப்ரீசர் பெட்டியில் வைத்தாலும் அதிகபட்சம் வெளிநாட்டு மகன் வந்து சேரும் வரைதான்.

அதனால் மூன்று அளவில் அடிப்பலகையும், வெட்டுப் போட்ட பக்கப் பலகையும் எப்போதும் அறுத்துத் தயாராக வைத்திருக்கிறேன். உள் நீளம் ஐந்தே முக்கால் அடி, ஆறடி, ஆறடி நான்கு அங்குலம். ஆர்டர் வந்தால் எட்டு மணி நேரத்தில் பெட்டி. முடியாத நேரத்தைச் சொல்லி ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டில் ஒரு நாள் தாமதமானால் பாயில் படுப்பார்கள்.

ஒப்படைக்கும் நாளில் பையில் இருக்க வேண்டியவை: ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஸ்பேனர், உபரி ஸ்க்ரூ, மணல்தாள், துடைக்க வெள்ளைத் துணி. கல்லறை வரை போங்கள். மண் போடும் வரை ஓரமாக நின்றுவிட்டு வாருங்கள்.

10. உயிரோடு இருப்பவருக்குச் செய்வது

இது அரிதாகத்தான் வரும். பாகாயம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கூப்பிட்டு, வீட்டுக் கொல்லையில் விழுந்த வேப்பமரத்தைக் காட்டினார். “தம்பி, முப்பது வருஷம் இதன் நிழலில்தான் பேப்பர் படித்தேன். எனக்கு இதிலேயே செய்துவிடு” என்றார். வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்படிப்பட்ட ஆர்டரில் முன்பணம் வாங்கும் முன் வீட்டில் மற்றவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். நான் இரண்டு வாரம் காத்திருந்தேன், பிறகு அந்த அம்மாவே போன் செய்து துணி மட்டும் தான் தைத்துத் தருவதாகச் சொன்னார்.

பச்சை மரத்தை அறுத்த உடனே வேலைக்கு எடுக்காதீர்கள். அங்குலப் பலகையாக அறுத்து, இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, நடுவில் அங்குலக் கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக நிழலில் அடுக்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு மாதத்தில் பதத்துக்கு வரும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைத்து நான் முதல் வரிசையை வெடிக்கவிட்டேன்.

ஒப்படைத்த பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, நான்கு செங்கல் மேல் வைக்கச் சொல்லுங்கள், கரையான் வரும். மூடியை முடுக்காமல் சும்மா வைத்திருக்கட்டும். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். பெயர்ப் பலகையில் மறைவுத் தேதிக்கு இடம் விடுங்கள், அதைப் பின்னால் எழுத ஒரு தொகையை இப்போதே பில்லில் சேர்த்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அளவைச் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது அதில் பழைய பேப்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போன் செய்து, “தம்பி, உடம்பு நாலு கிலோ ஏறிப்போச்சு, பெட்டி பத்துமா?” என்று கேட்டார். அகலத்தில் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன் ஐயா, இன்னும் ஒரு நாலு கிலோ வரைக்கும் கவலையில்லை என்றேன்.